பத்து நம்பர் ஸ்பேனரில் ஒரு குழி

என் காரின் டிக்கியில் கிடக்கும் பத்து நம்பர் ஸ்பேனரின் வால் பக்கத்தில், மிளகு ஒன்றை வைத்து அழுத்தினாற்போல ஒரு குழி இருக்கிறது. குழியின் ஓரம் நீலம் பாய்ந்து கறுத்திருக்கும். விரலால் தடவினால், உருகி உறைந்த இரும்பின் சிறு முள் இன்றும் தட்டுப்படும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் காலத்தில், செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பேட்டரியைக் கழற்ற எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் செய்த வேலையின் தழும்பு அது. போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி புதுப் பேட்டரி ஒன்றை வாங்கி வந்து, "அண்ணாச்சி, பத்து நம்பர் ஸ்பேனர் இருந்தா குடுங்க, ரெண்டு நட்டுதானே, நானே மாட்டிக்கிடுதேன்" என்று கேட்டபோது, ஸ்பேனரைக் கொடுக்கும் முன் அந்தக் குழியைத்தான் காட்டினேன். அன்று அவரிடம் வாசலில் நின்று சொன்னவற்றை விட்டுப்போகாமல் எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது.

அந்த ஆண்டு மகளின் பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் திருவனந்தபுரம் போயிருந்தோம். கார் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றரை மாதம் அசையாமல் நின்றது. பூட்டி வைத்த கார் எதையும் தின்னாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கடிகாரம், ரிமோட் பூட்டு, திருட்டு அலாரம், என்ஜினை ஆளும் கணினியின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு), 45 நாளைக்கு 32 ஆம்பியர் மணி. என் காரில் இருந்ததோ 35 ஆம்பியர் மணி பேட்டரி. திரும்பி வந்து சாவியைத் திருகியபோது 'டக்' என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் கேட்டதில் வியப்பே இல்லை. நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறும் பெட்டிதான். என் பேட்டரி அன்று 11 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. அதை விட, மறுநாள் கடைக்காரர் கொடுத்தனுப்பிய மாற்றுப் பேட்டரிதான் என் கதையின் வில்லன், ஏனென்றால் அதில் முழுச் சார்ஜ் இருந்தது.

மாற்றுப் பேட்டரியை வைத்து இரண்டு நாள் ஓட்டிவிட்டு, சார்ஜ் ஏற்றிய என் பழைய பேட்டரியைத் திரும்ப மாட்டுவதற்காக மாற்றைக் கழற்றினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது, மைத்துனர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு மூடி போட்ட முனை கைக்கு அருகில் இருந்தது, அதனால் முதலில் அதைத் திருகினேன். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை. நட்டு இறுகியிருந்ததால் ஸ்பேனரை எம்பி இழுத்தேன். அதன் வால் பானெட்டுக்குக் கீழே உள்ள தகட்டின் ஓரத்தில் இடித்தது. தீபாவளி வெடி ஒன்றைக் காதருகே வைத்தாற்போலச் சத்தம். வெள்ளையாய் ஒரு வெளிச்சம். ஸ்பேனர் தகட்டோடு ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு தெறித்து விழுந்தது. "அத்தான், கையை எடுங்க!" என்று மைத்துனர் கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. இடது கையில் கல்யாண மோதிரம் இருந்தது. அந்தக் கை அப்போது வேறிடத்தில் இருந்தது என் புத்திசாலித்தனம் அல்ல.

'வெறும் 12 வோல்ட்தானே, ஷாக்கா அடித்துவிடும்' என்ற எண்ணம்தான் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது. ஷாக் அடிக்காது என்பது உண்மை. காய்ந்த தோலின் தடையைத் தாண்டி உடம்புக்குள் பாய 12 வோல்ட்டால் முடியாது. ஆனால் பேட்டரியின் ஆபத்து வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. வீட்டில் கிரைண்டரும் கீசரும் ஓடுகிற பெரிய பிளக்கே 15 ஆம்பியருக்குத்தான். சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றும் அந்த இரண்டு மூன்று நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. தடையே இல்லாத இரும்புத் துண்டு ஒன்று இரு முனைகளுக்கும் பாலமாக விழுந்தால் பேட்டரி பல நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டிவிடும். வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டப் பாய்ச்சுகிற மின்னோட்டத்துக்கு அது சளைத்ததில்லை. அந்தப் பாலம் ஸ்பேனராக இருந்தால் குழி விழும். மோதிரமாக இருந்தால் விரலோடு சேர்ந்து வேகும். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு எல்லாம் முதலில் கழன்று சட்டைப்பைக்குள் போக வேண்டும். கழுத்துச் சங்கிலி தொங்கினால் அதுவும்தான்.

எங்கள் காரை அந்நாளில் பார்த்து வந்தவர் கேரளத்து ஆரியங்காவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். இங்குள்ள பலருக்கும் எல்லையோரப் புளியரைக்கு அந்தப் பக்கம் ஓர் உறவோ, ஒரு மருத்துவரோ, ஒரு மெக்கானிக்கோ இன்னும் உண்டு. அவர் ஸ்பேனரை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சாரே, நெகட்டீவ் ஆத்யம் ஊரணம், அவசானம் இடணம். அதாணு காரியம்" என்றார். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். இதை நான் அதற்கு முன்பும் யார் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா என்பது போன்ற சாங்கியம் என்று நினைத்து மறந்திருக்கிறேன். அவர் செய்த நல்ல காரியம், என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தக் கறுப்பு வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று காட்டியது. ஒரு முழம்கூடப் போகவில்லை. பேட்டரித் தட்டுக்குப் பக்கத்திலேயே காரின் உடம்பில் ஒரு போல்ட்டில் இறுகியிருந்தது.

விஷயம் முழுவதும் அந்தப் போல்ட்டில்தான் இருக்கிறது. விளக்குக்கும் ஹாரனுக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுப்பதற்குப் பதிலாக, காரின் இரும்பு உடம்பையே திரும்பிவரும் வயராக வைத்துக்கொள்கிறார்கள். அதாவது கதவு, பானெட், என்ஜின், நாம் சாய்ந்து நிற்கும் மட்கார்டு எல்லாமே நெகட்டிவ் முனையின் நீட்சிதான். கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்பு முனையில் ஸ்பேனரை வைத்தால், அந்த ஸ்பேனரைச் சுற்றி எட்டுத் திசையிலும் நெகட்டிவ் நிற்கிறது. எங்கே இடித்தாலும் ஷார்ட். மாறாக, கறுப்பு முனையில் ஸ்பேனரை வைத்து அது உடம்பில் இடித்தால் நெகட்டிவ் நெகட்டிவோடு உரசுகிறது, அவ்வளவுதான், ஒன்றும் ஆகாது. கறுப்பைக் கழற்றி விலக்கிவிட்டால், காரின் உடம்புக்கும் பேட்டரிக்கும் உறவே அறுந்துவிடுகிறது. அதன் பிறகு சிவப்பில் சுழற்றும் ஸ்பேனர் காரின் உடம்பில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது, பேட்டரியின் கறுப்புக் குமிழை மட்டும் அது தொட்டுவிடக் கூடாது. மாட்டும்போது இதே காரணத்தால் வரிசை தலைகீழாகிறது: உறவு அறுந்திருக்கும்போதே சிவப்பை மாட்டி முடித்துவிட வேண்டும், கறுப்பு கடைசி. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையை உடம்பில் கட்டியிருந்தார்கள். அந்தக் கார்களுக்கு இந்த வரிசை மாறும். உடம்போடு கட்டிய முனை எதுவோ அது முதலில் கழன்று கடைசியில் ஏற வேண்டும் என்பதே சரியான விதி. இன்று நம் தெருவில் ஓடும் கார்களில் அது கறுப்பு.

கறுப்பு, சிவப்பு என்று எழுதினாலும் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கைமாறி வந்த கார்களில் இரண்டு வயருமே கறுப்பாக இருப்பதையும், ஏதோ ஓர் அவசரத்தில் கைக்குக் கிடைத்த சிவப்பு டேப்பை நெகட்டிவில் சுற்றியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் மேல்மூடியில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். குறி அழிந்திருந்தால், இரண்டு ஈயக் குமிழ்களில் பருத்தது பாசிட்டிவ், ஒல்லியானது நெகட்டிவ். தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வார்க்கிறார்கள். ஆனாலும் சுத்தியலால் தட்டி இறக்குகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். தலைகீழாக மாட்டினால், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகும், பெரிய ஃபியூஸ் போகும், சில நேரம் கணினியும் போகும்.

இனி வேலையைச் சொல்கிறேன். வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காருக்குள் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் மின்சாரம் போய்வரும்போது சென்ட்ரல் லாக் தானே பூட்டிக்கொள்கிற வழக்கம் சில கார்களுக்கு உண்டு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைப்பதும், டிக்கியில் தேவைப்படும் பொருளை முன்னாடியே எடுத்துக்கொள்வதும் நல்லது. என்ஜினை அணைத்ததும் பாய வேண்டாம். சில நிமிடம் பொறுத்தால் உள்ளே இருக்கும் கணினிகள் தங்கள் வேலையை முடித்து உறங்கிவிடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அந்த நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம். அந்தப் பொறுமைக்கு இன்னொரு பயனும் உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். காற்றை விட மிக இலேசான வாயு என்பதால் திறந்த இடத்தில் மேலே போய்க் கலைந்துவிடும். மூடிய கார் ஷெட்டில் சார்ஜரைப் போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்தபடி எட்டிப் பார்ப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பெட்டி உப்பியிருந்தாலோ எதையும் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி.

ஸ்பேனருக்கு ஆரியங்காவு மெக்கானிக் சொல்லிக்கொடுத்த ஒரு வைத்தியம் இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, கைப்பிடி முழுவதையும் மூடி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி செருகிவிட வேண்டும். கையுறை இல்லாவிட்டாலும், வரிசை மறந்தேபோனாலும், அந்த ரப்பர் ஒருவேளை காப்பாற்றும். என் குழி விழுந்த ஸ்பேனருக்கு இப்போது அந்தச் சட்டை உண்டு. குழியைக் காட்ட வேண்டுமானால் டியூபைச் சுருட்டித்தான் காட்ட வேண்டும்.

நெகட்டிவ் நட்டை முழுதும் கழற்றத் தேவையில்லை, தளர்த்தினால் போதும். பிறகு கிளிப்பை இடமும் வலமும் மெல்லத் திருகியபடி மேலே தூக்க வேண்டும். வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. ஈயக் குமிழ் மெத்தென்றது, வேரோடு ஆடிவிட்டால் பேட்டரிக்குள்ளே தொடுப்பு விட்டுப்போகும். வெந்நீர் ஊற்றினால் உப்புப் பிடித்தது இளகும். கழன்ற கறுப்பு வயர் சும்மா இருக்காது. தடித்த வயர், முறுக்கேறிய பாம்பு போலத் திரும்பத் தன் பழைய இடத்துக்கே வரப் பார்க்கும். அதை ஒரு காய்ந்த துணியில் சுற்றி, எட்டாத பக்கமாகச் செருகி வைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. சிவப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கறுப்பு வந்து குமிழைத் தொட்டால், அத்தனை வரிசையும் வீண். அதன்பின் சிவப்பு, அதன்பின் பேட்டரியைத் தட்டோடு பிடித்திருக்கும் கம்பி அல்லது கவ்வி. சிறிய காரின் பேட்டரியே பத்து கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். முதுகை வளைக்காமல், சாய்க்காமல், நேராகத் தூக்க வேண்டும். உள்ளே இருப்பது நீர்த்த கந்தக அமிலம். துளி பட்ட வேட்டியில் அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த வெளுப்பில் ஓட்டை தெரியும். கண்ணில் பட்டால் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலைக்கு முன்னரே ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

சாரலும் ஈரமும் உள்ள எங்கள் பக்கத்தில், முனைகளில் பூக்கும் உப்பு தனியாகப் பேசப்பட வேண்டிய தொல்லை. வெள்ளையாய் இருப்பது ஈயத்தின் சல்பேட். மயில்துத்த நிறத்தில் இருப்பது செம்பு வயரும் அமிலமும் சேர்ந்து உண்டானது, உண்மையிலேயே மயில்துத்தம்தான் அது. இந்தப் படலம் தடிக்கும்போது பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராது. 'பேட்டரி செத்துப்போச்சு' என்று புதிது வாங்குகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஆப்பச்சோடாதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால், அமிலம் இருக்கும் இடமெல்லாம் நுரை பொங்கும். நுரை அடங்கினால் அமிலம் அடங்கிற்று என்று பொருள். அந்தச் சோடா நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, கிளிப்பின் உட்புறம் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். வாசலின் தடவுவது மாட்டி இறுக்கிய பிறகு, மேற்பூச்சாக. மாட்டும் முன் அப்பினால் அதுவே ஒரு தடையாகிவிடும்.

திரும்ப மாட்டும்போது முதலில் தட்டில் உட்கார வைத்துக் கவ்வியை இறுக்க வேண்டும். ஆடுகிற பேட்டரி மலைப்பாதையில் நாளாக ஆகத் தன் தகடுகளைத் தானே உதிர்த்துக்கொள்ளும். புதுப் பேட்டரியானால், எண்ணின் கடைசியில் எல் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து இருக்கும்; பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதை அது சொல்கிறது. பழையதன் எழுத்தும் புதியதன் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வயர் எட்டாது. எட்ட வைக்க இழுப்பதிலிருந்துதான் தலைகீழ் மாட்டல் தொடங்குகிறது. சிவப்பை மாட்டி இறுக்கி, அதன் மூடியைப் போட்டுவிட்டு, கறுப்பைக் குமிழில் ஒரே முறையில் உறுதியாக இறக்க வேண்டும். அப்போது 'சிட்' என்று ஒரு சிறு பொறி வருவது இயல்பு. உறங்கிய கணினிகள் விழித்து முதல் மிடறு குடிக்கும் பொறி அது. பெரிதாக வெடித்தால் ஏதோ விளக்கோ மின்விசிறியோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கறுப்பை எடுத்துவிட்டுத் தேட வேண்டும். இறுக்கம், கையால் திருகினால் கிளிப் சுழலாத அளவுக்கு. அதற்கு மேல் பலம் காட்டினால் ஈயம் பிதுங்கும்.

மாட்டிய பின் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும்; ஒரே தொடுகையில் ஏறும் கண்ணாடி ஏறாது, அதற்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்; என்ஜின் ஐடிலிங் ஒருநாள் கொஞ்சம் தடுமாறும். சில கார்களின் ரேடியோ ரகசிய எண் கேட்கும்.

பேட்டரி இறங்கினால் இன்னொரு காரிலிருந்து வயர் போட்டு உயிர்கொடுப்பது மலைப்பாதையில் அன்றாடம் நடப்பது. ஐயப்ப சீசனில் புளியரை வளைவுகளுக்கு மேலே, விளக்கைப் போட்டுவிட்டு உறங்கிப்போன வண்டிகளுக்கு நானே இரண்டு முறை நிறுத்தி உதவியிருக்கிறேன். சிவப்பு வயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனையைச் செத்த பேட்டரியின் நெகட்டிவில் போடுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் தவறும். கடைசித் தொடுகையில் பொறி நிச்சயம். வாயு கக்கியிருக்கும் பேட்டரியின் தலையில் அந்தப் பொறியை வைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, என்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில் கவ்வ வேண்டும். உடம்பே நெகட்டிவ் என்று மேலே சொன்னது இங்கேயும் கைகொடுக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகு, போட்ட வரிசைக்கு நேர் எதிராக எடுக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய அம்பாசடர் காலத்து வழக்கம். இன்றைய காரில் அதைச் செய்பவரை நான் என் வண்டியைத் தொட விடமாட்டேன். பேட்டரி என்ற தாங்கி திடீரென விலகும்போது ஆல்டர்னேட்டரின் அழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல பத்து வோல்ட் எகிறும். எத்தனையோ ஆயிரம் ரூபாய் கணினிப் பெட்டி அதில் போய்விடும். முனைகளில் மீட்டரை வைத்து, என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுத் தம்பி டியூப் போட்ட ஸ்பேனரோடு போய், கறுப்பைக் கழற்றித் துண்டில் சுற்றி ஒதுக்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி "இப்பம் சிவப்பு, என்ன அண்ணாச்சி?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டார். அரை மணியில் வேலை முடிந்தது. பழைய பேட்டரியை மறுநாள் வாங்கிய கடையிலேயே கொடுத்து, விலையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளே இருக்கும் ஈயத்தைத் தெருவில் உடைத்து உருக்குகிறவர்களிடம் போகாமல், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்கிறவர்களிடமே போக வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. ஸ்பேனர் இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய காரின் கடிகாரம் நாலே கால் மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.